அடுப்படியும் ஊற்றும்

மாசிலாமணிக்கு அந்த மடத்தில் அது மூன்றாவது குளிர்காலம். முதல் இரண்டு குளிர்காலங்களிலும் அவருக்குக் குளிர் மட்டும்தான் இருந்தது. மூன்றாவதில் பொன்னுலிங்கமும் இருந்தார்.

மடம் என்று சொன்னாலும் அது கல்லும் மரமுமாகக் கட்டிய நான்கு அறை வீடு. இமயமலையில், கார்த்திகை பிறந்ததும் பாதை மூடி, சித்திரையில்தான் திறக்கும் உயரத்தில் இருந்தது. கீழே அரை மணி நடையில் எட்டுக் குடும்பங்கள் குளிர்காலத்திலும் இறங்கிப் போகாமல் தங்கள் ஆடுகளோடு தங்கியிருந்தன. அவர்களுக்குக் காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும் மடத்து அம்மாதான் போக வேண்டும். அதனால்தான் மடத்தையும் குளிர்காலத்தில் மூடுவதில்லை.

அம்மாவின் பெயர் வடிவம்மை. வயது நாற்பத்திரண்டு. திருநெல்வேலியில் நர்ஸாக இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த மடத்தில் இருந்த துறவி ஒருவரிடம் வந்து சேர்ந்து, அவர் காலத்துக்குப் பிறகு மடத்தை ஏற்றுக்கொண்டவர். சீடர்கள் இருவருமே அவரைவிட மூத்தவர்கள். அதில் அங்கே யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

மாசிலாமணி தர்மபுரிக்காரர். மின்வாரியத்தில் இருபத்தாறு வருடம் வயர்மேனாகக் கம்பம் ஏறியவர். அதிகம் பேச மாட்டார். அம்மாவும் அவரிடம் அதிகம் பேசியதில்லை. முதல் இரண்டு குளிர்காலங்களில் சில நாட்கள் இருவருக்கும் இடையில் நாலு வார்த்தைகூட இருக்காது. அந்தப் பேசாமையைத் தனக்கு மட்டும் கிடைத்த ஒன்றாக அவர் நினைத்திருந்தார்.

வேலை மட்டும் நிறைய இருந்தது. காலையில் ஊற்றுக்குப் போய்க் கடப்பாரையால் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். கூரையில் சேரும் பனியைத் தள்ள வேண்டும். ஒரு நாள் விட்டால் உத்தரம் முனகும். விறகு பிளக்க வேண்டும். உருளைக்கிழங்கு உறைந்து போகாமல் வைக்கோலுக்குள் புதைத்து வைத்து, தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். துவைத்துப் போட்ட வேட்டி பலகை மாதிரி நிற்கும். மடித்தால் முறியும்.

இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடப்பாரையை வெறுங்கையால் பிடித்து உள்ளங்கைத் தோலை இரும்பிலேயே விட்டுவிட்டு வந்த பிறகுதான் அதில் சாக்கு சுற்றக் கற்றுக்கொண்டார். சாக்ஸ் நனைந்தால் நின்ற இடத்திலேயே மாற்ற வேண்டும் என்பதையும், மரத்துப்போன காலை நெருப்பின் அருகே கொண்டுபோகக் கூடாது என்பதையும் காலே சொல்லிக் கொடுத்தது. ஊற்றின் இடது பக்கம் தரை போலத் தெரிவது தரை அல்ல, தண்ணீர் மேல் படிந்த பனி ஓடு என்பது முதல் வருடம் முழங்கால் வரை உள்ளே போனபோது தெரிந்தது. அன்று அவர் தானே எழுந்து வந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

பொன்னுலிங்கம் புரட்டாசியில் வந்து சேர்ந்தார். தூத்துக்குடிப் பக்கம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நாற்பத்தேழு வயது. மூச்சு வாங்க மலையேறி வந்து, வாசலில் நின்ற அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, இதுதான் கடைசி ஸ்டாப்பா, இல்ல இன்னும் மேல போகுமா என்று கேட்டார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை மாசிலாமணி இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்று ஆரம்பித்தது.

அம்மாவும் பொன்னுலிங்கமும் ஒரே சீமைத் தமிழ் பேசினார்கள். "என்ன செய்யுதீங்க" என்று ஒருவர் கேட்டால் "சும்மாதான் இருக்கேன்" என்று மற்றவர் இழுத்துச் சொல்வதில் ஏதோ ஓர் உறவு இருப்பதாக மாசிலாமணிக்குப் பட்டது. தன்னிடம் பேசும்போது அம்மா அந்தப் பேச்சை மாற்றிக்கொள்கிறார் என்பதையும் அவர் அப்போதுதான் கவனித்தார்.

மார்கழியில் குளிர் இறுகியது. அம்மா வேலைகளைப் பிரித்தார். மடத்தில் சூடாக இருக்கும் ஒரே இடமான அடுப்படி பொன்னுலிங்கத்துக்கு. ஊற்றும் கூரையும் வழக்கம்போல மாசிலாமணிக்கு.

தண்ணீர்க் குடத்தோடு அவர் உள்ளே வரும்போது மீசையில் பனி தொங்கும். பொன்னுலிங்கம் அடுப்பின் முன் முக்காலி போட்டு, அம்மா கொடுத்த பழுப்புக் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருப்பார். அந்தக் கம்பளி அம்மாவுடையது. அம்மா எதிரில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருப்பார். கஞ்சி அடிபிடித்துவிட்டது, தியானத்தில் தூங்கிவிட்டீர்கள், இவ்வளவு பேசினால் மனசு எப்போது வாயை மூடும் என்று.

மாசிலாமணி அந்தத் திட்டுக்கும் பொறாமைப்பட்டார். அவரை அம்மா ஒருநாளும் திட்டியதில்லை. திட்டும் அளவுக்குக்கூடத் தன்னை அவர் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி வெளியே போனார். கூரையில் இருந்த பனியைத் தேவைக்கு அதிகமான வேகத்தில் தள்ளினார். வியர்த்தது. வியர்வை முதுகில் உறைந்தது. அதற்கும் காரணம் பொன்னுலிங்கம் என்றே தோன்றியது.

ஒருநாள் பாடம் முடிந்து அம்மா தனியாக இருந்தபோது போய் நின்றார்.

"அடுப்படி வேலைக்கு அவர ஏன் போட்டீங்கம்மா?"

"உங்களுக்கு அடுப்படி வேணுமா?"

"வேணும்னு கேக்கல."

"அப்போ?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நின்றார். நாளையிலிருந்து அடுப்படியை நீங்கள் பாருங்கள், அவர் ஊற்றுக்குப் போகட்டும் என்றார் அம்மா.

அவர் குரலில் கோபம் இல்லை. மாசிலாமணி அதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தார்.

மறுநாள் காலை பொன்னுலிங்கம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஊத்துப் பக்கம் ஏதும் பாத்து நடந்துக்கிடணுமா?"

மாசிலாமணி விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, தண்ணி எடுக்கறதுதானே, அதுல என்ன இருக்கு என்றார்.

பொன்னுலிங்கம் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுப்படி நிஜமாகவே சூடாக இருந்தது. விரல்கள் மடங்கின. இரண்டு மாதங்களுக்குப் பிறகு காது இருப்பது தெரிந்தது. ஆனால் அவரால் முக்காலியில் உட்கார முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தார்.

ஊற்றங்கரையில் பொன்னுலிங்கத்தோடு அம்மாவும் நின்றிருந்தார். கடப்பாரையை எந்தக் கோணத்தில் இறக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கடப்பாரையில் சாக்கு சுற்றியிருந்தது. மாசிலாமணி சுற்றிய அதே சாக்கு.

இரண்டு வருடத்தில் ஒருநாளாவது அம்மா தன்னோடு ஊற்றுக்கு வந்தாரா என்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை.

கண்ணாடியில் மறுபடி பனி படிந்தது. மறுபடி துடைத்தார். இப்படியே மூன்று நாள் போயிற்று. அடுப்படியில் இருந்தபடி அவர் ஊற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடு எல்லாம் வெளியே போய்விட்டது போலவும், உள்ளே இருப்பதுதான் குளிர் போலவும் இருந்தது அவருக்கு.

நான்காம் நாள் விடிவதற்கு முன்பே கீழ்க் குடியிருப்பிலிருந்து ஆள் வந்தது. ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இரவில் விழுந்த புதுப்பனி இடுப்பளவுக்குக் கிடந்தது. அன்றைக்கிருந்த குளிரில் விளக்கு எண்ணெயே கட்டிப்போயிருந்தது.

பொன்னுலிங்கம் இரண்டு குடங்களோடு ஊற்றுக்குப் போனார். தனியாக.

மாசிலாமணி அன்று கண்ணாடியைத் துடைக்கவில்லை. அம்மா இல்லாத ஊற்றில் பார்ப்பதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை. இருந்த கடைசித் தண்ணீரில் கஞ்சி வைத்தார். வழக்கத்தைவிட நேரம் ஆகிறது என்று தெரிந்தது. போய்ப் பார்க்கலாம் என்று ஒருமுறை எழுந்தார். எழுந்தவர், தன்னை யாரும் வந்து பார்த்ததில்லையே என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பொன்னுலிங்கம் குடங்கள் இல்லாமல் வந்தார். முழங்காலுக்குக் கீழே கால்சட்டை தகரக் குழாய் மாதிரி விறைத்திருந்தது. நடக்கும்போது கால் இருக்கும் இடம் தெரியாமல் தடுக்கினார்.

"இடதுபக்கம் உள்ள போயிட்டேன் அண்ணாச்சி. குடம் ரெண்டும் போச்சு. ஏறி வர ரொம்ப நேரமாயிட்டு."

மாசிலாமணி பார்த்தார்.

"மொதல்ல வலிச்சுது. இப்போ ஒண்ணுமே இல்ல. வலி சுத்தமா விட்டுட்டு." பொன்னுலிங்கம் சிரிக்கக்கூடச் செய்தார்.

வலி விட்டுவிட்டது என்றால் என்ன என்பது மாசிலாமணிக்குத் தெரியும்.

பொன்னுலிங்கம் முக்காலியில் விழுந்த மாதிரி உட்கார்ந்து, காலணியையும் சாக்ஸையும் பிய்த்து எடுத்தார். பாதங்கள் இரண்டும் மெழுகு போல வெளுத்திருந்தன. அவற்றை நேராக அடுப்பு வாய்க்கு நீட்டினார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். கங்குக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

மாசிலாமணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கஞ்சியைத் துழாவினார். மறுபடி துழாவினார். சொல்ல வேண்டிய வார்த்தை வாயில் இருந்தது. அது வெளியே வராமல் இருப்பதற்கு அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. துழாவிக்கொண்டிருந்தால் போதுமாக இருந்தது.

தோல் கருகும் வாடை வந்தது. பொன்னுலிங்கத்தின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவருக்கு அது தெரியவே இல்லை.

மாசிலாமணி கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, அவரை முக்காலியோடு பின்னால் இழுத்தார். இருவரும் தரையில் விழுந்தார்கள். வலது குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் பொரிந்திருந்தது.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தார். தோளில் பை. புருவத்தில் பனி. தரையில் கிடந்த இருவரையும் பார்த்தார், பாதங்களைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. வெந்நீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கால் முங்கும் அளவுக்கு இல்லை. தண்ணீர் எடுக்கப் போனவர்தான் இப்படி வந்திருந்தார். அம்மா பெரிய பாத்திரத்தில் வெளியே இருந்த பனியை அள்ளிவந்து அடுப்பில் ஏற்றினார். அது உருகிச் சூடாக நேரமாகும்.

"மாசிலாமணி, அந்தச் சுவரோரமாப் படுங்க. சட்டையத் தூக்குங்க."

அவர் படுத்தார். அம்மா பொன்னுலிங்கத்தை எதிரில் உட்காரவைத்து, அவருடைய இரண்டு பாதங்களையும் எடுத்து மாசிலாமணியின் வெறும் வயிற்றின்மேல் வைத்தார். கம்பளியை இழுத்து மேலே மூடினார்.

மாசிலாமணிக்கு மூச்சு நின்று வந்தது. பத்து வருடம் குளிரில் நின்றாலும் இப்படி ஒரு குளிரை அவர் அறிந்திருக்க மாட்டார். வெளியிலிருந்து வருகிற குளிராக அது இல்லை. இரண்டு கற்களை வயிற்றுக்குள் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. தள்ளிவிடக் கை எழுந்தது. பிறகு அந்தக் கையே கம்பளிக்கு மேலாகப் பாதங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்திலும், அம்மா பொன்னுலிங்கத்தின் நெற்றியைத் துடைத்துவிடுவதை அவர் கண் பார்த்தது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பாதங்களுக்கு உணர்வு திரும்ப ஆரம்பித்தது. அதோடு வலியும் வந்தது. பொன்னுலிங்கம் பல்லைக் கடித்தார், பிறகு குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே, தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கச் சொன்னார்.

"ஒங்க தடத்துலயே கால வைக்கச் சொல்லி அம்மா சொல்லியிருந்தாங்க அண்ணாச்சி. இந்தப் பனிய அவங்களவிட ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமாம். மத்ததெல்லாம் ஒங்கட்டயே கேட்டுக்கிடச் சொன்னாங்க. இன்னைக்குன்னு பாத்து தடம் மூடிட்டு."

மாசிலாமணி உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"நீங்க கேட்டீங்க" என்றார். "இடதுபக்கம் வெறும் பனி ஓடுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல."

பொன்னுலிங்கத்தின் அழுகை நின்றது.

"அடுப்புல கால நீட்டினதையும் பார்த்தேன். மரத்த கால் சுடறது தெரியாது. அதுவும் எனக்குத் தெரியும்."

அம்மா அடுப்பின் முன் குனிந்து பனி உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே கேட்டார்.

"எவ்வளவு நேரம் பாத்துட்டு நின்னீங்க?"

"கஞ்சிய ஏழு தடவ துழாவுற நேரம்."

"எட்டாவது தடவ?"

"துழாவல. இழுத்துட்டேன்."

பொன்னுலிங்கம் பாதங்களை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். மாசிலாமணியின் வயிறு காற்றில் கிடந்தது.

"கால எடுக்காதீங்க பொன்னுலிங்கம்" என்றார் அம்மா. "விரல் மிஞ்சணும். கோவத்தப் பிறகு பட்டுக்கிடலாம்."

பிறகு அந்தப் பாதங்கள் திரும்பி வந்தன. பொன்னுலிங்கம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பனி உருகி வெந்நீராகும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள், ஒருவர் கால் ஒருவர் வயிற்றில்.

கால் பிழைத்தது. இடது சுண்டு விரலின் நுனி மட்டும் கறுத்து, தை மாதத்தில் உதிர்ந்தது. குதிகால் புண் ஆறியது.

பதினோரு நாட்கள் பொன்னுலிங்கம் மாசிலாமணியோடு பேசவில்லை. எல்லோரிடமும் பேசுகிறவர், அம்மாவிடம் பேசுவதற்குக்கூட மாசிலாமணி வெளியே போகும்வரை காத்திருந்தார். மாசிலாமணி இரண்டு பேர் வேலையையும் செய்தார். முதல் நாளே ஊற்றுக்குப் போய், தண்ணீரில் இருந்த குடங்களைக் கொக்கி போட்டு எடுத்தார். இடதுபக்கம் நெடுக ஆறு கழிகளை நட்டு, அவற்றில் கம்பி இழுப்பது போலக் கயிற்றை இழுத்துக் கட்டினார். புதிதாக யார் வந்தாலும் கண்ணில் படும் உயரத்தில் கட்டினார்.

தினமும் காலையில் அம்மா பொன்னுலிங்கத்தின் காலுக்குக் கட்டு மாற்றுவார். மாசிலாமணி கஞ்சியோடு பக்கத்தில் நிற்பார். அம்மாவின் விரல்கள் துணியைப் பிரிக்கும்போது, அந்தக் கறுத்த சுண்டு விரலைப் பார்த்து அவருக்குள் எரியும். தன்னால் வந்த புண்ணுக்கே தான் பொறாமைப்படுவது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் எரிந்தது.

பன்னிரண்டாம் நாள் பொன்னுலிங்கம் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை இறக்கினார்.

"அண்ணாச்சி, உப்பு கூடிட்டு."

நாளைக்குக் குறைத்துக்கொள்கிறேன் என்றார் மாசிலாமணி. அவ்வளவுதான் பேசினார்கள்.

அன்று நண்பகலில் அவர் கூரைமேல் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது, அம்மாவும் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி வந்தார். கூரையின் மறுபக்கத்திலிருந்து ஆரம்பித்தார். வெயில் இருந்தது, சூடு இல்லை. இருவரும் வெகுநேரம் பேசாமல் வேலை செய்தார்கள்.

"அம்மா, இன்னும் போகல" என்றார் மாசிலாமணி.

"எது?"

"அவருக்குக் கட்டு மாத்தறப்போ பார்க்கறேன். உள்ள எரியுது."

அம்மா பலகையை நிறுத்தவில்லை. "அன்னைக்கு என்கிட்ட வந்து வேற எதையோ கேட்டீங்க. கேக்க வந்தது அது இல்ல. இப்பவாவது கேட்டுடுங்க."

மாசிலாமணி பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஐம்பத்தொரு வயதில் இதைக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கேட்டார்.

"எங்க ரெண்டு பேர்ல உங்களுக்கு யாரு ஒசத்தி?"

அம்மாவின் கை நின்றது. திரும்பி அவரைப் பார்த்தார்.

"அவரோட ரெண்டு காலும் உங்க வயித்துமேலதான இருந்துச்சு?"

"ஆமா."

"எந்தக் காலுக்கு அதிகமாச் சூடு குடுத்தீங்க?"

மாசிலாமணி ஊன்றியிருந்த பலகையை எடுத்து மறுபடி தள்ள ஆரம்பித்தார். கூரையில் இன்னும் பாதிப் பனி இருந்தது.